பிளேனர் ஸ்பீக்கரின் கரகரப்பு: நான் சரிசெய்த விதம்

அமெரிக்காவிலேயே செய்த பழைய பிளேனர் மேக்னெட்டிக் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. ஆளுயர பேனல், பெட்டியே கிடையாது. வயலின் கேட்டால் சொக்கிப்போகலாம். ஆனால் இடது பக்கத்தில் மட்டும் ஆண் குரல் வரும்போதெல்லாம் ஒரு 'ஜ்ர்ர்'.

மல்டிமீட்டரில் இரண்டுமே ஏறக்குறைய 4 ஓம். அப்படியானால் கம்பி அறுந்துபோகவில்லை. நாம் சொல்லும் அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 60 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றினேன். 150ஐ நெருங்கும்போது கரகரப்பு பட்டென்று பிடிபட்டது.

இந்த வகையில் பேப்பர் கோன், வாய்ஸ் காயில் எதுவும் இல்லை. மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் அலுமினியக் கம்பியை நீளநீளமாக ஒட்டியிருப்பார்கள். பின்னால் துளையிட்ட இரும்புத் தகட்டில் காந்தப் பட்டைகள். மின்சாரம் ஓடும்போது கம்பியும் படலமும் ஒன்றாக அசைய வேண்டும். பசை விட்டுப்போனால் கம்பி தனியாகத் துள்ளிப் படலத்தை அடிக்கும்.

துணியைப் பிரித்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி எழும்பி நிற்பது நிழலிலேயே தெரிந்தது. இரும்பு ஸ்க்ரூடிரைவரை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், காந்தம் வெடுக்கென்று இழுத்துப் படலத்தைக் கிழித்துவிடும். ஐஸ் குச்சிதான் என் கருவி. பழைய பசையைத் துடைத்துவிட்டு, காய்ந்தாலும் நெகிழ்வாக இருக்கும் பசையை மெல்லிய பிரஷ்ஷால் தடவினேன். சூப்பர் க்ளூ வேண்டாம்; விறைத்து விரிசல் விடும். பசை தாராளமாகிவிட்டால் படலம் கனத்து ஹை ஃப்ரீக்வென்சி மங்கும்.

படுக்கவைத்து நன்றாகக் காயவிட்டு அதே டோனைப் போட்டேன். சுத்தம். வலது பேனலிலும் கீழ்விளிம்பில் ஒரு கம்பி லேசாகத் தளர்ந்திருக்கிறது, அதையும் ஒரு நாள் ஒட்டணும்.