ஓக் மரத்தடியில் புல் வரவில்லையா? கோரை வையுங்கள்

எங்கள் நியூ ஜெர்சி வீட்டுக் கொல்லையில் இரண்டு பெரிய ஓக் மரங்கள். அடியில் மூன்று வருடம் புல்விதை தூவினேன். ஆகஸ்ட் வந்தால் வெறும் மண்தான் மிஞ்சும். பக்கத்துக் காட்டில் நடக்கப் போனபோது பார்த்தால், அதே ஓக் நிழலில் தலைமுடி மாதிரி மெல்லிய பச்சை விரிப்பு! பென்சில்வேனியா கோரை, தாவரப் பெயர் கேரக்ஸ் பென்சில்வானிகா. நாம் பாய் முடைகிற கோரையின் குடும்பம்தான். ஆனால் அதற்கு ஈரம் வேண்டும். இது காய்ந்த ஓக் காட்டிலேயே வளர்கிறது. இலை அகலம் சுமார் 3 மி.மீ., உயரம் ஓர் அடிக்குள்.

முதலில், விதை வாங்காதீர்கள். முளைப்பு ரொம்பக் குறைவு, எனக்கு ஒரு வருடம் வீண். குழித்தட்டு நாற்றாக வாங்குங்கள். அடிக்கு ஒன்று வைத்தால் 100 சதுர அடிக்கு நூறு நாற்று. சீக்கிரம் மூட வேண்டுமென்றால் 8 அங்குலத்துக்கு ஒன்று. ஏப்ரலில் நடலாம், என் ஓட்டு செப்டம்பருக்கு, வெயில் தணிந்திருக்கும்.

குழி தோண்ட மண்வெட்டி வேண்டாம், மர வேர் அறுபடும். ஹோரி ஹோரி என்கிற ஜப்பானியத் தோட்டக் கத்தியை வேர்களுக்கு நடுவே செருகி, அசைத்துப் பிளந்தால் போதும்.

நான் சறுக்கியது அடுத்த இடத்தில். நாற்று சாயாமல் நிற்கட்டும் என்று ஓர் அங்குலம் ஆழமாகப் புதைத்து, மேலே மரச்சில்லு மூடாக்கையும் கொட்டினேன். பாதி நாற்று கழுத்திலேயே அழுகிவிட்டது. இலைகள் கிளம்பும் அந்தக் கழுத்து மண்மட்டத்தில், காற்றுப் பட இருக்க வேண்டும். நாற்றின் வேர்க்கட்டியும் தரையும் ஒரே மட்டம். விரலால் தடவிப் பாருங்கள். மூடாக்கு இடைவெளிகளில் மட்டும், அதுவும் மெல்லிசாக.

முதல் கோடையில் மழை இல்லாத வாரங்களில் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர். முதல் இலையுதிர் காலத்தில் ஓக் சருகு தடிமனாகப் படிந்தால் வாரிவிடுங்கள், குட்டிச் செடி மூச்சுத் திணறும். வேரூன்றிய பிறகு கொஞ்சம் சருகு கிடந்தால் பரவாயில்லை.

பின்சேர்க்கை: "ஊரில் வயலைக் கெடுக்கும் கோரைக்கிழங்கு மாதிரி இதுவும் பரவிவிடுமா?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பரவாது. இதற்குக் கிழங்கு கிடையாது. மண்ணுக்கடியில் தண்டு நிதானமாக ஓடும். எனக்கு இன்னும் வேகமாக ஓடக்கூடாதா என்றுதான் இருக்கிறது. வெட்டுவதானால் மார்ச்சில், புதுத்தளிருக்கு முன்னால், ஒரே ஒருமுறை. குழந்தைகள் பந்து விளையாடும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், அவ்வளவு மிதி தாங்காது.