சின்னம்மாவின் போனைத் தொடாமல் ஒரு தளத்தைச் சோதிப்பது

சின்னம்மாவின் பார்வையை நீரிழிவு எடுத்துவிட்டது. கல்லடியில் எங்கள் அடுத்த வளவில்தான் இருக்கிறா. மார்கழி மழை விடாமல் அடித்த ஓர் இரவு, உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறப்பது பற்றி ஓர் இணையத்தளத்தில் அறிவித்தல் படமாக வந்திருந்தது. அவவின் மூத்த மகன் வவுணதீவில் இருக்கிறான். திரையில் இருப்பதைச் சத்தமாக வாசிக்கும் சின்னம்மாவின் போனோ "படம்" என்று மட்டும் வாசித்துவிட்டு நின்றுவிட்டது. விடிந்து நான் போய் வாசித்துக் காட்டும் வரைக்கும் அந்த மனுசி தூங்கவில்லை.

சங்கங்களுக்கும் சிறு கடைகளுக்கும் தளம் செய்து கொடுப்பது என் தொழில். அதற்குப் பிறகு, நான் செய்தவை உட்பட எந்தத் தளத்தையும், மாற்றுத்திறனாளிகளும் பாவிக்க முடியுமா என்று இப்படித்தான் சோதிக்கிறேன்.

முகப்புப் பக்கத்தைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். ஆட்கள் எதற்காக அங்கே வருகிறார்களோ, அந்த வேலை ஒன்றை எடுங்கள்: விண்ணப்பம் நிரப்புவது, பில் கட்டுவது, பெறுபேறு பார்ப்பது. "கிடைத்துவிட்டது" என்ற செய்தி வரும் வரைக்கும் போங்கள். நான் பார்த்தவற்றில் பல, கடைசிப் படியில்தான் கைவிட்டன.

முதலில் மௌஸைக் கழற்றி வையுங்கள். டேப் கீயை அழுத்தி முன்னுக்கும், ஷிப்டையும் சேர்த்து அழுத்திப் பின்னுக்கும் போங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும் கோடு தெரிகிறதா? மெனு திறக்கிறதா? திடீரென்று மேலே வந்து விழும் பெட்டியை மூட முடிகிறதா? கை நடுங்குபவர்களுக்கு இதுதான் வழி.

அடுத்தது காதால் பார்ப்பது. திரையில் இருப்பதைச் சத்தமாக வாசிக்கும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். விண்டோஸ் கணனிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். 2006 இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையற்றவர் தொடங்கியது. அதில் எச் எழுத்தை அழுத்தினால் தலைப்புக்குத் தலைப்பு தாவும். தாவ ஒரு தலைப்பும் இல்லையென்றால், பெரிய எழுத்தில் போட்டு அலங்கரித்தார்களே தவிர தலைப்பு என்று குறிக்கவில்லை. அன்ட்ரொய்ட் போனில் டோக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கும். வலப்பக்கம் விரலால் தள்ளினால் அடுத்தது, இரண்டு முறை தட்டினால் திறக்கும்.

எங்கள் தமிழ்ப் பக்கங்களுக்கென்றே சில வருத்தங்கள் உண்டு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகளை இன்னும் அப்படியே ஏற்றுகிறார்கள். அதில் "தமிழ்" என்ற சொல் கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். சோதிப்பது சுலபம்: ஒரு வரியைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தாக மாறினால் அது யூனிகோட் அல்ல, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் முறை அல்ல. பிரதி எடுக்கவே முடியாவிட்டால், பெரும்பாலும் அது ஸ்கேன் பண்ணிய படம். பக்கத்தின் மொழி தமிழ் என்று அதன் நிரல்வரியில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்; இல்லையென்றால் ஆங்கிலக் குரல் தமிழைத் தாண்டிப் போய்விடலாம்.

நிறம், அளவு பற்றி அதிகம் சொல்ல இல்லை. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி என்ற, தளங்களை எல்லாரும் அணுகும்படி செய்வதற்கான சர்வதேச வழிகாட்டி, அதன் நடு மட்டமான ஏஏ மட்டத்தில். எழுத்தை 200 வீதம் பெருப்பித்தாலும் ஒன்றும் மறையக்கூடாது. காணொளி இருந்தால், காது கேளாதவருக்கு எழுத்து ஓடுகிறதா என்று பாருங்கள்.

வேவ், லைட்ஹவுஸ் போன்ற, பிழைகளைத் தானாகத் தேடும் கருவிகளையும் ஓட்டுங்கள், ஆனால் அவை தரும் புள்ளியை நம்பி நிற்காதீர்கள். அந்த வெள்ள அறிவித்தல் படத்துக்கு "அறிவித்தல்" என்று மாற்று உரை, அதாவது திரைவாசிப்பான் படத்துக்குப் பதில் வாசிக்கும் உரை, எழுதியிருந்தால் கருவி சரி என்றே சொல்லும். எந்தக் குளம், எத்தனை மணிக்கு என்பது சின்னம்மாவுக்கு அப்போதும் போய்ச் சேராது.

இனித்தான் முக்கியமான சோதனை. அந்தத் தளம் தேவைப்படும் ஒருவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். வேலையைச் சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். அவருடைய போனைத் தொடாதீர்கள். இது எனக்குச் சரியான கஷ்டமாக இருந்தது. ஒரு விண்ணப்பத்தின் முடிவில் சின்னம்மா விரலைத் தள்ளத் தள்ள, "பட்டன்", "பட்டன்", "பட்டன்" என்றே கேட்டது.

"எது மகள் அனுப்புறது? எல்லாம் பட்டன் எண்டுதான் செல்லுது."

ஒன்றைத் தட்டினா. நிரப்பியதெல்லாம் அழிந்துவிட்டது. பதினெட்டு நிமிட வேலை. "தாங்க, நான் செய்றன்" என்று கை நீட்டினேன். "என்ட அடையாள அட்டை நம்பரும் பேங்க் நம்பரும் நானே போடுறன் புள்ள" என்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டா. அதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

அறிக்கை எழுதும்போது "தளம் சரியில்லை" என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். எந்தப் பக்கம், எந்தப் போன், என்ன செய்தோம், என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். "கடைசிப் பக்கத்தில் மூன்று பட்டன்களுக்குப் பெயர் இல்லை, அனுப்பு, அழி, திரும்பு என்று பெயரிடவும்." வேலையை அடியோடு நிறுத்தும் பிழைகள் முதலில் வரட்டும். அரச தளம் என்றால், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டதையும், அதன் 9ஆம் உறுப்புரை தகவலை அணுகுவதையும் சேர்த்துச் சொல்வதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

திருத்திவிட்டோம் என்று பதில் வந்தால், அதே ஆளுடன், அதே போனில், அதே விண்ணப்பத்தை முதலிலிருந்து நிரப்பிப் பாருங்கள்.