டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிய பாக்கி

மதுரையில் டவுன் பஸ் கண்டக்டராக 26 வருடம் ஓடினேன். மாட்டுத்தாவணியிலிருந்து திருமங்கலம் போகிற ஒவ்வொரு நடையிலும் சில்லறைத் தகராறு ஒன்றாவது இருக்கும். காலை முதல் நடையிலேயே 500 ரூபாய் நோட்டை நீட்டுவார்கள். பையில் சில்லறை இருக்காது. டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கித் தொகையை எழுதிக் கொடுப்பேன். "இறங்கும்போது வாங்கிக்கங்க."

எழுதிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. எழுதாமல் "அப்புறம் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் இறங்கும்வரை என் முகத்தையே பார்ப்பார். நானும் அவர் எந்த சீட்டில் இருக்கிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். கவலையும் எழுதாத பாக்கிதான் என்று எனக்குப் புரிய 48 வயது ஆனது.

அந்த வருடம் தூக்கம் போயிருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணம், வசூல் கட்டும்போது குறைந்த 140 ரூபாய், பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பி என்று எல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு வரிசையாக வந்து நிற்கும். ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். அதை வைத்து நான் செய்ததைச் சொல்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள்.

தினமும் ஒரே நேரம், ஒரே இடம். எனக்கு இரவு ஏழரை மணி, மொட்டை மாடிப் படிக்கட்டு. படுக்கையில் உட்கார்ந்து மட்டும் எழுதாதீர்கள். அது தூங்குகிற இடம். இடது பக்கம் கவலையை எழுதுங்கள். வலது பக்கம், நாளைக்கு நான் செய்யக்கூடியது என்ன, எந்தக் கிழமை, அவ்வளவுதான். "கட்டணம் 18,000" என்பதற்கு நேரே "கூட்டுறவு சங்கத்தில் கடன் மனு, வியாழன்" என்று எழுதினேன். 140 ரூபாய்க்கு நேரே எழுத ஒன்றுமில்லை. கட்டியாகிவிட்டது. அதன் மேல் ஒரு கோடு போட்டு அடித்தேன். அரை மணி ஆனதும் நோட்டை மூடிவிட வேண்டும்.

பகலில் கவலை வந்தால் விரட்டாதீர்கள், விரட்டினால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். "ஏழரைக்கு வா" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, கையில் இருக்கிற வேலையைப் பாருங்கள். முதல் பத்து நாள் எனக்குப் பெரிதாகப் பலன் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் ஏழரைக்கு உட்கார்ந்தபோது, பகலில் தள்ளிவைத்ததில் பாதி நினைவுக்கே வரவில்லை. உளவியல் படித்த மகள் பிறகுதான் சொன்னாள், தாமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 1983இலேயே இதே போன்ற முறையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லை என்றால் நோட்டோடு நிற்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

சரி, மனிதர்கள். பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்த காலம் நினைவிருக்கும். 14 வடிவமும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. நான் அதைச் சொல்லிச் சொல்லி வாதாடினேன். சட்டம் என் பக்கம்தான், ஆனால் சண்டை மட்டும் பெரிதானது. காய்கறிக் கூடையோடு ஏறிய ஓர் அம்மா ஒருநாள் கண் கலங்கிச் சொன்னார்: "கடைக்காரன் வாங்க மாட்டேங்கிறானே தம்பி, நான் என்ன பண்ண?" அவருக்குச் சட்டம் தேவைப்படவில்லை, கடையில் செல்லுகிற காசு தேவைப்பட்டது. அன்றிலிருந்து, "சரிம்மா, நீங்க நோட்டா வாங்கிக்கங்க, காயினை நான் மாத்திக்கிறேன்" என்றேன். எதிரில் இருப்பவர் எதைப் பயந்து பேசுகிறார் என்று ஒரு நிமிடம் கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே இறங்கிவிடும்.

கோபம் ஏறிவிட்டால் அடுத்த ஸ்டாப்பிங் வரும்வரை வாய் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவேன். பிறகு பேசும்போது ஆளைச் சொல்லாமல் பொருளைச் சொல்லுவேன். "படிச்சவர்தானே, சில்லறை கொண்டுவரத் தெரியாதா?" என்று கேட்டால் யாரும் பை திறக்க மாட்டார்கள். "அண்ணே, அஞ்சு ரூபா இருந்தா உதவியா இருக்கும்" என்றால் பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்து தேடுவார்.

தம்பி விஷயம்தான் கடினம். அம்மாவின் வைத்தியச் செலவில் பங்கு பிரிக்கும்போது வார்த்தை தடித்து, இரண்டு வருடம் பேசவில்லை. நோட்டின் இடது பக்கம் அவன் பெயரைத் தினமும் எழுதுவேன், வலது பக்கம் வெறுமையாகவே இருக்கும். ஒருநாள் "போன் செய், பணத்தைப் பற்றிப் பேசாதே, ஞாயிறு" என்று எழுதினேன். எழுதியதால் செய்தேன். "மழை உண்டாடா அங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நேத்து நல்ல மழைண்ணே" என்றான். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. மறுவாரம் ஞாயிறும் எழுதினேன், மூன்றாவது வாரம் அவனே கூப்பிட்டான்.

அந்தப் பணக் கணக்கு இன்னும் முடியவில்லை. நோட்டில் தொகை அப்படியே இருக்கிறது. போன பொங்கலுக்கு இரண்டு கரும்புக் கட்டோடு பஸ் ஏறி வந்தான்.