மூட்டைப்பூச்சிக்கு ஒரு நாள் கணக்கு

போன வருடம் ஜூலையில், மும்பை செம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஒன் பி.எச்.கே. வீட்டில், என் மகளின் தலையணை உறையில் ஒரு சின்ன ரத்தக் கறை இருந்தது. கொசுவை நசுக்கியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து மெத்தை ஓரத் தையலில் பேனா முனையால் குத்தியது போல வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். ஈரத்துணியால் தொட்டதும் மை போலக் கரைந்து பழுப்பாகப் பரவின. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மூட்டைதாம்மா. ராத்திரி மூணு மணிக்கு டார்ச் அடிச்சுப் பாரு" என்றார். பார்த்தேன். இருந்தன.

அதை ஒழிக்க எங்களுக்கு ஒன்பது வாரம் ஆனது. முதல் இரண்டு வாரத்தை நான் வீணாக்கினேன். அந்த நாட்கள் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அது மூட்டைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தடிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மகளுக்கு முன்கையில் வரிசையாகத் தடித்தது. அதே கட்டிலில் படுத்த என் கணவருக்கு ஒரு தடம்கூட இல்லை. "என்னைக் கடிக்கவே இல்லையே" என்றார். அவரையும் கடித்துக்கொண்டுதான் இருந்தது. சிலர் உடம்பு அதற்குத் தடிப்பதில்லை. சிலருக்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தடிக்கும். அதனால் பூச்சியைத் தேடுங்கள். வளர்ந்தது நாலைந்து மில்லிமீட்டர், தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். குஞ்சு வெளிறிப்போய்க் கண்ணுக்கே தப்பும். முட்டை ஒரு மில்லிமீட்டர், வெள்ளை, ஒட்டவைத்தது போல இருக்கும். உரித்துப்போட்ட தோல்களும் கிடக்கும். நசுக்கினால் பச்சைக் கொத்தமல்லியை நினைவூட்டும் ஒரு நாற்றம் வரும்.

எங்கள் வீட்டில் அது வந்த வழி ஒரு பாக்ஸ் பெட், அதாவது அடியில் பெட்டி வைத்த கட்டில். மே மாதம் குர்லாவில் பழையதாக வாங்கினோம். பிளைவுட் இணைப்புகள், ஸ்க்ரூ போட்ட குழிகள், கீழே அடித்திருந்த துணி, எல்லாவற்றிலும் இருந்தன. ஏடிஎம் கார்டு நுழையும் இடுக்கு எல்லாமே அதற்கு வீடுதான். கட்டிலில் ஆரம்பித்து வெளியே போய்க்கொண்டே தேடுங்கள்: மெத்தைத் தையல், தலைமாட்டுப் பலகை, சுவரில் மாட்டிய காலண்டர், சாமி படங்களின் பின்பக்கம், திரைச்சீலை மடிப்பு, சுவரில் ஆணி அடித்த ஓட்டை. எங்கள் முருகர் படத்தின் பின்னட்டையில் ஒரு குடும்பமே இருந்தது.

இனி நான் செய்த தவறுகள். முதல் நாளே பயந்து எல்லோரும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம். மூட்டை நம் மூச்சையும் உடம்புச் சூட்டையும் வைத்துத்தான் ஆளைத் தேடி வருகிறது. நாம் இடம் மாறினால் அதுவும் இடம் மாறும். ஒரு அறையில் இருந்ததை இரண்டு அறைக்குப் பரப்பிவிட்டோம். கட்டிலைச் சுத்தம் செய்து, அதே கட்டிலில்தான் தொடர்ந்து படுக்க வேண்டும்.

அடுத்து, கடையில் கரப்பானுக்கு விற்கும் ஸ்பிரே வாங்கி அடித்தேன். நேரே பட்ட நாலைந்து செத்தன, மற்றவை இன்னும் உள்ளே போய் ஒளிந்தன. இந்த ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துக்கு மூட்டை எத்தனையோ தலைமுறையாகப் பழகிவிட்டது. டி.டி.டி. என்ற பழைய பூச்சிமருந்திடமும் இதேதான் நடந்தது. அதன் பூச்சிக்கொல்லி குணத்தைக் கண்டுபிடித்ததற்காக பால் முல்லர் என்ற சுவிஸ் வேதியியலாளருக்கு 1948இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வருடமே ஹவாயில் பேர்ல் ஹார்பரில் டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைகளைப் பார்த்துவிட்டார்கள். கரப்பானுக்கு வைக்கும் ஜெல்லும் உதவாது. மூட்டைக்கு ரத்தம் மட்டும்தான் சாப்பாடு, ஜெல்லைத் தின்ன அது வராது. கற்பூரம், நாப்தலின் உருண்டை எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று, பலன் இல்லை.

மூன்றாவது, பக்கத்து வீட்டுக் காகூவிடம் (மராத்தியில் சித்தி என்பது போல) சொல்லாமல் மறைத்தேன். இதுதான் எனக்கு இன்றும் வருத்தம். வீட்டைச் சுத்தமாக வைக்காதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று வெட்கம். மூட்டைக்குச் சுத்தமும் அசுத்தமும் ஒன்றுதான், தூங்கும் ஆள் இருந்தால் போதும். ஒயர் போகும் குழாய் வழியாகவும், கதவுக்கடி இடுக்கு வழியாகவும் அடுத்த வீட்டுக்குப் போகும். பதினைந்தாம் நாள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, காகூ என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்லயும் கட்மல் இருக்கு, நானும் யார்கிட்டயும் சொல்லல" என்றார். கட்மல் என்றால் இந்தியில் மூட்டைப்பூச்சி. அந்தப் பதினைந்து நாளும் இரண்டு வீடும் தனித்தனியாகப் போராடிக்கொண்டிருந்தோம்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில், 90 அடி ரோட்டுப் பக்கம். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசை வீட்டுக் கட்டில்கள் எல்லாம் சந்துக்கு வந்துவிடும். அம்மாக்கள் அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொண்டுவந்து இணைப்புகளில் ஊற்றுவார்கள். அடுத்த ஞாயிறும் அதே. ஏன் ஒரு தடவையோடு விடவில்லை, ஏன் எல்லா வீடும் ஒரே நாளில் என்று சின்ன வயதில் யோசித்ததில்லை. இப்போது புரிகிறது. சூடு, திரும்பத் திரும்ப, எல்லோரும் சேர்ந்து. மூட்டையை ஒழிக்க வேண்டியது இந்த மூன்றும்தான்.

'திரும்பத் திரும்ப' ஏன் என்றால், முட்டை. ஒரு பெண் மூட்டை நாளொன்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து முட்டை வரை இடும். மும்பைச் சூட்டில் அவை ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்துவிடும். பல மருந்துகள் முட்டையைக் கொல்வதில்லை. குஞ்சு ஐந்து முறை தோல் உரித்து, ஒவ்வொரு முறைக்கும் ரத்தம் குடித்து, வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆக, முதல் தடவை தப்பிய முட்டைகள் பொரிந்த பிறகும், அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுவதற்கு முன்பும் மறுபடி தாக்க வேண்டும். நான் காலண்டரில் முதல் நாள், 12ஆம் நாள், 24ஆம் நாள் என்று வட்டம் போட்டேன். மூன்று தடவையும் ஒரே அளவு வேலை. இரண்டாம் தடவை வரும்போது கடி நின்றிருக்கும், சலிப்பாக இருக்கும். அப்போது விட்டால் எல்லாம் பாழ்.

ஒரு தடவை என்பது இதுதான். படுக்கைத் துணிகளை அங்கேயே பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, பிறகுதான் வாஷிங் மெஷினுக்குக் கொண்டுபோங்கள். கையில் அள்ளிக்கொண்டு ஹால் வழியாக நடந்தால் வழியெல்லாம் உதிரும். மெஷினில் 60 டிகிரி வையுங்கள். சூடு பண்ணாத மெஷின் என்றால், துவைப்பதற்கு முன் துணியை வாளியில் போட்டுக் கொதிநீர் ஊற்றி ஊறவையுங்கள். 50 டிகிரிக்கு மேல் போனால் பூச்சி, முட்டை இரண்டும் பிழைக்காது. ஊரில் மொட்டைமாடி வெயிலில் காயப்போடுவோம். ஜூலை மும்பையில் வெயிலுக்கு எங்கே போவது? நான் எல்லாவற்றையும் இஸ்திரிக்காரரிடம் கொடுத்து, மடிப்பு, தையல் எல்லாம் அழுத்தித் தேய்க்கச் சொன்னேன். என்ன காரணம் என்று அவரிடம் உண்மையைச் சொல்லி, கட்டிய பையிலேயே கொடுத்தேன். வெயில் காலத்திலும் முழு மெத்தையை மாடியில் போடுவதை நம்பாதீர்கள். மேல்பக்கம் சுடும், பூச்சி கீழ்ப்பக்கம் போய்விடும்.

துவைக்க முடியாத பொம்மை, செருப்பு, புத்தகம் போன்றவற்றைப் பையில் கட்டி நாலு நாள் ஃப்ரீசரில் வைக்கலாம். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும், மேல்தட்டு ஐஸ்பெட்டி போதாது.

மெத்தைத் தையல்களுக்கு வாக்குவம் கிளீனர், அப்புறம் நீராவி. நீராவிக் குழலை மிக மெதுவாக நகர்த்துங்கள், அவசரப்பட்டால் சூடு உள்ளே இறங்காது. சுவிட்ச் போர்டு பக்கம் நீராவி கூடவே கூடாது. வாக்குவத்தில் சேர்ந்ததை உடனே பையில் கட்டி வெளியே போடுங்கள். பிறகு மெத்தைக்கு முழுவதும் மூடும் ஜிப் உறை. உள்ளே மாட்டிய மூட்டை பல மாதம் பட்டினியாகவே உயிரோடு இருக்கும் என்பதால் ஒரு வருடத்துக்கு அதைத் திறக்காதீர்கள்.

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். போர்வை தரையில் தொங்கக் கூடாது. கட்டில் கால்களைக் கிண்ணத்தில் நிறுத்தி, சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். என் அப்பா மண்ணெண்ணெய் ஊற்றுவார். தீப்பிடிக்கும், வேண்டாம். வெறும் வழவழப்பான கிண்ணத்தையும் நம்பாதீர்கள். நம் வெப்ப நாட்டு மூட்டை வகை வழுக்கும் சுவரிலும் ஏறக்கூடியது. தினமும் காலையில் கிண்ணத்தைப் பார்த்தால் எத்தனை மிச்சம் என்று கணக்கும் கிடைக்கும். சுவர் விரிசல், ஆணி ஓட்டைகளை ஒயிட் சிமெண்டால் அடைத்துவிடுங்கள். அந்த பாக்ஸ் பெட்டை நாங்கள் உடைத்து, 'மூட்டை உள்ளது' என்று இந்தியிலும் மராத்தியிலும் எழுதி ஒட்டித்தான் குப்பைக்குப் போட்டோம். இல்லையென்றால் வாட்ச்மேனோ வேறு யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சல்ஃபாஸ் மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தானியக் கிடங்குகளுக்கான அலுமினியம் பாஸ்பைடு அது. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பைன் என்ற விஷ வாயு கிளம்பும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டில் தூங்கும் குழந்தை வரை போகும். எங்கள் பகுதியில் ஒருவர் "ரெண்டு கோலி (மாத்திரை) வச்சுட்டு ஒரு நாள் வெளிய போயிருங்க, போதும்" என்று எனக்கே சொன்னார். சல்ஃபாஸை அனுமதி பெற்ற பூச்சி ஒழிப்பு நிபுணர்கள்தான் பயன்படுத்தலாம். அதே போல டைகுளோர்வாஸ் மருந்தை 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். பழைய பாட்டில் யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆள் வைத்து மருந்து அடிப்பதானால், உரிமம் காட்டச் சொல்லுங்கள், மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எத்தனை நாள் இடைவெளியில் எத்தனை தடவை வருவார்கள் என்று கேளுங்கள். "ஒரே தடவை, கியாரண்டி" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். நாங்களும் காகூவும் சேர்ந்து ஒரே நாளில் அடிக்கச் சொன்னோம், இரண்டு வீட்டுக்குமே செலவு குறைந்தது.

வீட்டுக்காரர் முதலில், "நீங்க கொண்டுவந்தது, நீங்களே பாருங்க" என்றார். எங்கள் விஷயத்தில் அது உண்மையும்கூட. ஆனால் குடிவந்த முதல் வாரமே மூட்டை தெரிந்தால் அது நீங்கள் கொண்டுவந்ததில்லை என்று வாதாட இடம் இருக்கிறது. தேதி விழும்படி போட்டோ எடுத்து அன்றே எழுத்தில் அனுப்புங்கள். மகாராஷ்டிராவில் 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி லீவ் அண்ட் லைசன்ஸ் என்ற வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவுக்கு முன்பே, பூச்சி மருந்துச் செலவு யாருடையது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். 11 மாத ஒப்பந்தம் முடிந்து டெபாசிட்டில் பிடிக்கும்போது அந்த வரி உதவும். வீடு பார்க்கப் போகும்போது புரோக்கர் அவசரப்படுத்தினாலும், கட்டில், அலமாரி இணைப்புகளில் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே டோக்கன் பணம் (முன்பணம்) கொடுங்கள்.

குழந்தைக்குக் கடித்த இடத்தில் குளிர்ந்த துணி, கலமைன் லோஷன் போதும். நகத்தை வெட்டிவிடுங்கள், சொறிந்து புண்ணானால் டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை. அதை என் மகளிடமும் சொன்னேன். பள்ளியில் யாரிடமும் சொல்ல வேண்டாமா என்று அவள் கேட்டபோது, சொல்லலாம் என்றேன்.

24ஆம் நாளுக்குப் பிறகு கிண்ணத்தில் எதுவும் விழவில்லை. ஆனாலும் 50ஆம் நாள் வரை தினமும் பார்த்தேன், புதிய புள்ளி எதுவும் வராத பிறகுதான் காலண்டரைக் கழற்றினேன். இப்போது திருநெல்வேலி போய்விட்டு ரயிலில் வந்தால் பெட்டி படுக்கையறைக்குப் போவதில்லை. குளியலறையில் வெள்ளை டைல்ஸ் மேல் வைத்துத் திறக்கிறோம். துணி நேரே வெந்நீருக்குப் போகிறது, பெட்டியின் தையலை அத்தை டார்ச் அடித்துப் பார்க்கிறார்.