கோணிய வாயோடு ஜெபிப்பது எப்படி

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் தேய்த்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் முகம் கோணியிருந்தது. முகவாதம், அதாவது முகத்தின் ஒரு பக்கத்தை அசைக்கும் நரம்பு செயலிழப்பது. மாத்திரையும் பயிற்சியும் முக்கால்வாசிதான் திருப்பிக் கொடுத்தன. இன்றும் நான் சிரித்தால் பாதி வாய்தான் சிரிக்கும். பாளையங்கோட்டையில் இருபது வருஷமாக ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிவந்தவள் நான். சரியாகாத ஒன்றைச் சுமந்துகொண்டு ஜெபத்தில் உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வைத்தியம். முகம் கோணினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கவாதமா என்று பார்க்க வேண்டும். முகவாதம்தான் என்றாலும் மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவல்ல.

ஜெபத்தை ஸ்தோத்திரத்தில் தொடங்க வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். குறையை அதன் பெயர் சொல்லியே ஆண்டவரிடம் வையுங்கள். ‘என் பலவீனங்களைப் பாரும்’ என்று பொதுவாக ஜெபித்த நாட்களில் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. ஒருநாள் நோட்டில் எழுதினேன்: ‘ராத்திரி இடது கண் மூடவில்லை, டேப் ஒட்டித் தூங்குகிறேன். “ப” என்றால் காற்றுதான் வருகிறது. திருவிருந்தில் திராட்சரசம் தாடையில் வழிந்தது, பக்கத்தில் முழங்காலில் நின்றவள் பார்த்துவிட்டாள், வெட்கமாக இருந்தது.’ அதைச் சத்தமாக வாசித்த அன்றுதான் அழுகை வந்தது. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்றுதானே 13ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது? 88ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் இருளைவிட்டு வெளியே வருவதில்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

‘என்ன பாவம் செய்தாயோ’ என்று கேட்க யாராவது வருவார்கள். எனக்கும் வந்தார்கள். அன்று இரவே யோவான் 9ஐ எடுத்து வாசியுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான். ‘அது இவன் செய்த பாவமுமல்ல’ என்று இயேசுவே சொல்லிவிட்டார். அதற்குமேல் நீங்கள் பதில் தேட வேண்டியதில்லை.

‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற வசனம் பல வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதைத் தனியாக எடுக்காமல் 2 கொரிந்தியர் 12இல் ஏழாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். தன் உடலை வருத்திய ஒன்றை பவுல் அப்போஸ்தலன் ‘முள்’ என்கிறார்; அதை நீக்கும்படி ஆண்டவரிடம் மூன்றுதரம் கெஞ்சியிருக்கிறார். முள் போகவில்லை, இந்த வசனம்தான் பதிலாக வந்தது. எனவே நீங்களும் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டது கிடைக்காத இடத்தில் சொல்லப்பட்ட வார்த்தை அது. அதனால்தான் என்னால் அதை நம்ப முடிகிறது.

கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காத நாட்களில் நான் வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துக்கொள்வேன். 1954இல் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. முகத்திலும் வடு விழுந்தது. உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது கை அறுவை சிகிச்சை. சக்கர நாற்காலியில் இருந்தே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைச் சரிசெய்தார். பிறகு தம்மைப்போல் முடங்கியவர்களுக்காக வேலூரில் மறுவாழ்வு சிகிச்சையை வளர்த்தார். கால்கள் அவருக்குக் கடைசிவரை திரும்பவில்லை. கிருபையின் அழகு எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன்.

இனி அந்த நோட்டை மறுபடி எடுங்கள். ஒரு மாதம், தூங்குமுன் ஒரே ஒரு வரி: இந்தக் குறை இல்லாவிட்டால் இன்று எது நடந்திருக்காது? ஒன்றும் தோன்றாத நாளில் தேதியை மட்டும் எழுதுங்கள். இழுத்துப்பிடித்து நன்றி சொல்ல வேண்டாம். என் நோட்டில் முதல் பதினோரு நாளும் வெறும் தேதிதான். பன்னிரண்டாம் நாள் எழுதியது: ‘திக்குவாய்ப் பையன் இன்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்தான்.’

இரண்டு வருஷமாகக் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருந்தவன். நான் ‘பேதுரு’வில் தடுக்கி, நிறுத்தி, மறுபடி சொல்வதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். போன மாதம் ‘டீச்சர், நான் வாசிக்கட்டுமா?’ என்று அவனே கேட்டான். யோவான் 20, உயிர்த்தெழுந்த இயேசு காயம் ஆறாத கைகளைத் தோமாவுக்குக் காட்டும் பகுதி. ஆறு வசனம் வாசிக்க எட்டு நிமிஷம் ஆனது. ஒரு பிள்ளையும் அவனை அவசரப்படுத்தவில்லை.