இம்பாலா மானில் உண்ணி பொறுக்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் காட்டுப் பக்கம் ஆய்வுக்கு உண்ணி சேகரிக்கப் புதிதாக வருகிறவர்கள் இடுக்கியும் கையுமாக மானின் காதை நோக்கிப் பாய்வதைப் பார்த்தால் எனக்கு என் பழைய கூத்துதான் நினைவுக்கு வரும். கையுறை போடு, குப்பியை இறுக மூடு என்பதையெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். நான் சொல்லப் போவது வேறு.

பெரிதை மட்டும் பொறுக்குவது

ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணிதான் முதலில் கண்ணில் படும். ஆமணக்கு விதை மாதிரித் தொங்கும். ஆனால் இனம் பிரிக்க அதைப் போல இம்சை வேறில்லை. உடம்பு ஊதி, முதுகு ஓடு தலைப்பக்கம் ஒரு பொட்டாக ஒதுங்கிவிடும். முதுகு முழுக்க ஓடு மூடிய ஆண் உண்ணி பக்கத்திலேயே சப்பையாக ஒட்டிக்கொண்டிருக்கும். இனத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான். அதை யாரும் சீண்டுவதில்லை.

குஞ்சு உண்ணிகளைப் பார்க்காமல் விடுவது இதைவிட மோசம். என் முதல் வருஷம், ஜூன் மாதம். ஆய்வுக்காகச் சுடப்பட்ட இம்பாலாக்களின் காதுமடலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘பழுப்புக் காது உண்ணி இல்லை’ என்று நோட்டில் எழுதினேன். மூன்று வாரம் இதே கதை. அப்புறம் ஒரு மூத்த உதவியாளர் ஒன்றும் பேசாமல் ஒரு முன்னங்காலைச் சோப்புத் தண்ணீரில் போட்டு முரட்டு பிரஷ்ஷால் தேய்த்தார். அந்த அழுக்குத் தண்ணீரை மெல்லிய சல்லடையில் வடித்து, மிஞ்சியதை நுண்ணோக்கியில் வைத்தார். கசகசாவைக் கொட்டியது போல ஆறுகால் குஞ்சுகள்!

இந்தப் பழுப்புக் காது உண்ணி இனத்தில் வளர்ந்தவை மழைக்காலத்தில், அதாவது ஜனவரி முதல் மார்ச் வரைதான் மிகுதி. மழை ஓய்ந்ததும் குஞ்சுகளின் முறை. காட்டெருமையிடமிருந்து மாட்டுக்குக் காரிடார் நோய் என்ற உயிர்க்கொல்லி நோயைக் கொண்டுபோவது இதே உண்ணிதான். குஞ்சாக இருக்கும்போது குடித்த கிருமியை எட்டுக்கால் பருவத்தில் வேறொரு விலங்குக்குக் கொடுத்துவிடும். அதைத்தான் நான் ‘இல்லை’ என்று எழுதியிருந்தேன். அதற்குள் மற்ற மான்களின் தோல் போயே போய்விட்டது. செத்த மானை எழுப்பி மறுபடி தேய்க்க முடியுமா? அந்தப் பருவமே பாழ்.

காது என்றால் மடல் மட்டும் இல்லை

சிவப்புக்கால் உண்ணி என்ற இன்னோர் இனத்தின் குஞ்சுகள் காதுத் துளைக்குள் ஆழத்தில் இருக்கும். வளர்ந்தவை வாலுக்கடியில்.

வெடுக்கென்று பிடுங்குவது

வாய்ப்பகுதி தோலிலேயே நின்றுவிடும். வாய் இல்லாத உண்ணியை வைத்து எப்படி இனம் பிரிப்பது?

ஃபார்மலின்

பின்னால் உண்ணியின் டி.என்.ஏ. பார்க்கும் எண்ணம் இருந்தால், பதப்படுத்தும் இந்தத் திரவத்தைத் தொடாதீர்கள்.

அடையாளச் சீட்டு

பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளே போடுங்கள். மார்க்கர் மை, உண்ணியைப் போட்டுவைக்கும் எத்தனாலில் கரையும்.

உங்கள் கால்

புல்லில் ஃபிளானல் துணியை இழுத்துக் குஞ்சு பிடிக்கும்போது உங்கள் கால்சட்டையும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், தலைவலி, கடித்த இடத்தில் கருத்த பொருக்கு என்று வந்தால், மருத்துவரிடம் ‘உண்ணி’ என்ற வார்த்தையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எனக்கு வந்தபோது நான் சொல்லவில்லை. மலேரியாவாக இருக்கும் என்று இரண்டு நாள் போயிற்று.