மேலாளர் மேலேயே புகாரா? முதலில் வாட்ஸ்அப்பை மூடுங்கள்

பினாங்கின் பிறையில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்த காலத்தில், லோரியில் இருந்து இறங்கும் பெட்டிகளின் எண்ணிக்கை டி.ஓ.வில் (சரக்கோடு வரும் டெலிவரி ஆர்டர் தாள்) எழுதியிருப்பதோடு அடிக்கடி ஒத்துப்போகாததைக் கவனித்தேன். யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் ஷிப்ட் ஆட்கள் இருந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்துவிட்டேன். மறுநாள் காலை டீ பிரேக்குக்குள் அதன் ஸ்கிரீன்ஷாட், நான் யார் பெயரை எழுதியிருந்தேனோ அவருடைய கைப்பேசிக்கே போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த வாரத்திலிருந்து எனக்கு நிரந்தர இரவு ஷிப்ட். இரண்டு மாதத்தில் நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பெட்டிக் கணக்கை யாரும் விசாரிக்கவே இல்லை.

நான் சொன்னதில் பொய் இல்லை. சொன்ன இடம்தான் தப்பு. அது புரிய எனக்குப் பல வருடம் ஆனது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஃபேக்டரி, கிடங்கு, ஆபீஸ், உணவகம் என்று வேலை பார்க்கும் நம்மவர்களுக்காக, முதல் தடவை புகார் கொடுப்பவர் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. பெரிய விவகாரம் என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இரண்டு ஊரிலும் இருக்கிறது, ஒரு நடை போய் வாருங்கள்.

படி 1: இது எந்த மாதிரித் தப்பு?

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனால் எந்த வாசலிலும் வாங்க மாட்டார்கள். முதலில் பிரியுங்கள்.

சம்பளம் வரவில்லை, ஓவர்டைம் காசைக் குறைத்துவிட்டார்கள் என்றால் தொழிலாளர் இலாகா. சம்பளத்தில் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பிடித்துவிட்டு வாரியத்தில் கட்டவில்லை என்றால் இ.பி.எஃப். அலுவலகம். ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், ஐ-அக்கவுன் என்ற உங்கள் இ.பி.எஃப். இணையக் கணக்கைத் திறந்து பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார்கள் என்றால் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா, ஜே.கே.கே.பி. என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். லஞ்சம், கமிஷன், போலி இன்வாய்ஸ் என்றால் ஊழல் தடுப்பு ஆணையம், அதாவது எஸ்.பி.ஆர்.எம். கட்டணமில்லா எண் 1-800-88-6000.

லஞ்சத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. உங்களுக்கே ஒருவர் லஞ்சம் கொடுக்க வந்தால், வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் மட்டும் போதாது. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி அதைத் தெரிவிப்பது உங்கள் கடமை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் அதுவே குற்றம்.

மேலாளர் எல்லார் முன்னாலும் திட்டினார், போனஸில் ஓரவஞ்சனை செய்தார் என்பதெல்லாம் உங்கள் சொந்தக் குறை. அதற்கு யூனியன் இருக்கிறது, எச்.ஆர். இருக்கிறது. ஊழல் புகாருக்குள் அதைக் கலக்காதீர்கள். கலந்தால் படிப்பவர் கண்ணுக்கு முழுக் கடிதமும் பழிவாங்கலாகத்தான் தெரியும்.

படி 2: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன. அன்றன்றைக்கே, கையெழுத்தில். அடுத்தவர் சொல்லிக் கேட்டதைத் தனிப் பக்கத்தில் எழுதி, யார் சொன்னது என்று குறியுங்கள். நோட்டு வீட்டில் இருக்கட்டும், லாக்கரில் வேண்டாம்.

கம்பெனி லேப்டாப், கம்பெனி ஈமெயில், கம்பெனி வைஃபை மூன்றையும் இந்த விஷயத்துக்குத் தொடவே கூடாது. எந்தக் கோப்பை யார் எப்போது திறந்தார், எங்கே அனுப்பினார் என்பதெல்லாம் சர்வரில் பதிந்துவிடும். ஆபீஸ் பிரிண்டரும் அப்படித்தான். கைப்பேசியில் படம் எடுத்தால் எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே இருக்கும், பல சமயம் இடமும் சேர்ந்திருக்கும். உங்களுக்குச் சாட்சியாக நிற்கிற அதே விவரம், படம் தவறான கைக்குப் போனால் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆவணங்களை அள்ளிக்கொண்டு வரும் ஆசையை அடக்குங்கள். இங்கேதான் நல்ல மனசுக்காரர்கள் சிக்குகிறார்கள். உங்கள் வேலைக்கு இயல்பாக உங்கள் கைக்கு வரும் தாள் வேறு, இரவில் அடுத்தவர் கம்ப்யூட்டரைத் திறந்து எடுப்பது வேறு. எந்தக் கோப்பு, என்ன எண், எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். போய் எடுக்கும் அதிகாரம் விசாரணை அதிகாரிக்கு இருக்கிறது.

படி 3: வாசலைத் தேர்ந்தெடுப்பது

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 711, உங்களுக்கு மூன்று விஷயம் தருகிறது: நீங்கள் யார் என்ற ரகசியம் காக்கப்படும், தகவல் கொடுத்ததற்காக உங்கள் மேல் சிவில், கிரிமினல் நடவடிக்கை எடுக்க முடியாது, பழிவாங்க முடியாது. பழிவாங்குவது குற்றம். ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 15 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பலரும் கவனிக்காத வரி ஒன்று அதில் உண்டு. இந்தப் பாதுகாப்பு அமலாக்க அமைப்பிடம் சொன்னால்தான் கிடைக்கும். போலீஸ், எஸ்.பி.ஆர்.எம்., சுங்க இலாகா, குடிநுழைவு இலாகா போல, சட்டப்படி விசாரிக்கும் அதிகாரம் உள்ள இடம். எச்.ஆரிடம் சொன்னது, கம்பெனி ஹாட்லைனில் சொன்னது, நிருபரிடம் சொன்னது, ஃபேஸ்புக்கில் போட்டது எதுவும் இந்தச் சட்டத்தின் குடைக்குள் வராது.

ரஃபிஸி ரம்லி விவகாரம் ஞாபகம் இருக்கலாம். 2012இல், என்.எஃப்.சி. மாட்டுப் பண்ணைத் திட்டத்தோடு சம்பந்தப்பட்ட வங்கிக் கணக்கு விவரங்களை அவர் செய்தியாளர்களிடம் வெளியிட்டார். 2018இல் ஷா ஆலாம் செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு 30 மாதச் சிறை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கடைசியில் விடுதலை என்றாலும், நடுவில் போன வருடங்களைப் பாருங்கள். அவர் அரசியல்வாதி, பின்னால் கட்சியும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். நமக்கு யார் இருக்கிறார்கள்?

அப்படியானால் கம்பெனி ஹாட்லைன் வீணா? இல்லை. கம்பெனியே கூறுகெட்டுப் போகாமல் ஓர் ஆள் மட்டும் திருடுகிறார் என்றால் உள்வழி வேகமானது. 2020 ஜூன் 1 முதல் ஒரு கம்பெனியின் ஆள் கம்பெனிக்காக லஞ்சம் கொடுத்தால் கம்பெனியே குற்றவாளி ஆகலாம். தகுந்த தடுப்பு ஏற்பாடுகள் இருந்தன என்று காட்டினால்தான் தப்ப முடியும். அதே தேதியிலிருந்து புர்சா பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்குத் தகவல் அளிப்போர் கொள்கை கட்டாயம். அதனால் ஹாட்லைன் என்ற பெயரிலாவது ஏதோ ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

அது சுதந்திரமானதா என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி: அந்த ஈமெயிலை யார் திறக்கிறார்? பதில் ஃபேக்டரி மேனேஜரோடு வாரம் ஒரு தடவை சாப்பிடப் போகும் எச்.ஆர். மேனேஜர் என்றால், மறந்துவிடுங்கள். தணிக்கைக் குழுவின் தலைவருக்கோ, வெளியில் உள்ள நிறுவனம் நடத்தும் லைனுக்கோ, வெளிநாட்டுத் தலைமையகத்துக்கோ நேராகப் போகிறது என்றால் யோசிக்கலாம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம் பல கம்பெனிகளுக்குத் தலைமையகம் வேறு நாட்டில்தான். கொள்கைத் தாளை நோட்டீஸ் போர்டிலோ கம்பெனி இணையதளத்திலோ தேடுங்கள். எச்.ஆரிடம் போய், “அண்ணே, அந்தப் புகார் கொள்கை எங்கே இருக்கு?” என்று கேட்காதீர்கள். புகார் வரும் நாளில் அந்தக் கேள்வியும் அவருக்கு ஞாபகம் வரும்.

புகார் மேலிடத்தின் மேலேயே என்றால் உள்வழியைத் தாண்டிவிட்டு நேராக அமலாக்க அமைப்புக்குப் போங்கள். வேலை ஒப்பந்தத்தில் ‘வெளியே பேசக் கூடாது’ என்று எழுதியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இந்தச் சட்டப்படி தகவல் கொடுப்பதைத் தடுக்கும் ஒப்பந்த வாசகம் செல்லாது.

பெயர் போடாமல் எழுதலாமா? எழுதலாம். ஆனால் யாரென்றே தெரியாதவரை எப்படிக் காப்பது? திருப்பிக் கேள்வி கேட்கவும் ஆள் இருக்காது. என் ஓட்டு, பெயரோடு எஸ்.பி.ஆர்.எம். பக்கம்.

படி 4: எழுதுவது

நான் அன்று வாட்ஸ்அப்பில் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: “ஸ்டோர்ல எல்லாம் திருட்டுப் பசங்க. பெட்டி வராமலே காசு போகுது. அந்த ஆளுக்கு எத்தனை வீடு இருக்குன்னு பாருங்க.”

இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்:

“மார்ச் 4, செவ்வாய், காலை 9.20. இரண்டாம் லோடிங் பே. டி.ஓ.வில் 500 அட்டைப் பெட்டி. நானும் இன்னொருவரும் எண்ணினோம், 380. ஸ்டோர் சூப்பர்வைசர் 500 என்று கையெழுத்துப் போட்டார். மார்ச் 11, 18 தேதிகளிலும் இதே சப்ளையர், இதே குறைவு. டி.ஓ. நகல்கள் ஸ்டோர் அறையில் நீலக் கோப்பில் இருக்கின்றன. பேமென்ட் முழுத் தொகைக்குப் போனதா என்பதை அக்கவுன்ட்ஸ் பதிவில் பார்க்கலாம்.”

வீட்டுக் கணக்கு காணாமல் போனதைக் கவனியுங்கள். அது எனக்குத் தெரியாத விஷயம், கேள்விப்பட்டது. ‘திருடன்’ என்ற வார்த்தையும் இல்லை. அதைத் தீர்மானிப்பது என் வேலை இல்லை. எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில்லை. நியாயமான நம்பிக்கை இருந்தால் போதும். குற்றவாளி யாரென்று சரியாகத் தெரியாவிட்டாலும் புகார் கொடுக்கலாம். தெரிந்தே பொய் சொன்னால் மட்டும் பாதுகாப்பும் போகும், தண்டனையும் வரும். அந்தத் திருட்டில் உங்களுக்கும் பங்கிருந்தால் பாதுகாப்பு ரத்தாகலாம். அப்படியென்றால் முதலில் வழக்கறிஞர்.

புகார் கொடுக்கும் நாளையும் பாருங்கள். உங்களிடம் விளக்கம் கேட்டு ஷோ-காஸ் கடிதம் வந்த பிறகு போனால், வேலை போகாமல் தப்பிக்கத்தான் புகார் என்று சொல்லிப் பாதுகாப்பை எடுத்துவிடச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தள்ளிப்போடாதீர்கள்.

எழுத வராது என்றால் வாயால் சொல்லலாம், அதிகாரி எழுதிக்கொள்வார்.

படி 5: கொடுத்த பிறகு வாயைக் கட்டுங்கள்

புகார் எண்ணையும், வாங்கிக்கொண்ட அதிகாரியின் பெயரையும் நோட்டில் எழுதுங்கள். அதோடு சரி. ரகசியம் காக்கும் கடமை உங்களுக்கும் உண்டு. தகவல் கொடுத்தவரே அதை வெளியில் சொன்னாலும் குற்றம்தான். 50,000 ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை என்று போகிறது. நெருங்கிய நண்பர், யூனியன் தோழர், மாமாக் கடை மேசை எல்லாம் இதில் அடங்கும். மாமாக் கடைச் சுவருக்குக் காது மட்டுமா, வாயும் உண்டு.

வேலையை வழக்கத்தைவிட ஒழுங்காகச் செய்யுங்கள். தாமதமாக வராதீர்கள், எம்.சி.யை (மருத்துவ விடுப்பு) தேவைக்கு மட்டும் எடுங்கள். உங்களைப் பிடிக்க ஒரு சாக்கு தேடுவார்கள்.

படி 6: பழிவாங்கினால்

ஷிப்ட் மாற்றம், இடமாற்றம், மிரட்டல், சம்பளக் குறைப்பு, எது நடந்தாலும் தேதியோடு எழுதி, முதலில் புகார் கொடுத்த அதே அமைப்பிடம் போய்ச் சொல்லுங்கள்.

கோபத்தில் ராஜினாமா செய்யாதீர்கள். நான் செய்ததில் பெரிய முட்டாள்தனம் அதுதான். வேலையை விட்டு நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்கலாம். 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு. வேலையைத் திரும்பக் கேட்கும் மனு அது. இருக்கவே முடியாதபடி நெருக்கி வெளியேற வைத்தாலும் அதே வழி இருக்கிறது, ஆனால் நிரூபிப்பது கடினம். 61ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். நான் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துப் போனேன்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு

உணவகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் இருக்கும் பலர், “பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்கு அண்ணே, எப்படிப் புகார் கொடுக்கிறது?” என்று கேட்கிறார்கள். சட்ட அனுமதி இல்லாமல் அடுத்தவர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அதையே உங்கள் முதல் புகாராக வைக்கலாம். சம்பளப் பாக்கி என்றால் தொழிலாளர் இலாகாவில் வெளிநாட்டவரும் மனு கொடுக்கலாம். பாஸ்போர்ட் கையில் இருக்கும்போதே அதன் முதல் பக்கத்தையும் வேலை பெர்மிட்டையும் படம் எடுத்து ஊரில் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். கோலாலம்பூரில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. பினாங்கில் இருப்பவர்கள் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம், தமிழில் பேசினால் கேட்க ஆள் உண்டு. போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.